பதில் போடாத டாக்டர்கள்

அக்கா மகள் சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் போட்டு, "மாமா, 212 பேர் ஃபில் பண்ணிட்டாங்க" என்றாள். குரலில் திருவிழாக் களை. டாக்டர்கள் தங்கள் உடம்பை எவ்வளவு கவனித்துக்கொள்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்கிறார்களா என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. கூகுள் ஃபார்மில் 28 கேள்விகளைத் தட்டி, டாக்டர்களுடைய வாட்ஸ்அப் குழுக்கள் ஏழெட்டில் லிங்க்கைப் போட்டிருந்தாள். 212 பேரில் 159 பேர் பார்த்துக்கொள்கிறார்களாம். சரியாக முக்கால்வாசி.

"எத்தனை பேருக்கு அனுப்புனே?"

"குரூப்ல போட்டேன் மாமா."

"குரூப்ல மொத்தம் எத்தனை பேரு?"

"ஒண்ணுல 240 இருக்கும். ஆனா ஒரே ஆளு மூணு குரூப்புல இருப்பாரு. சில பேரு வேற குரூப்புக்கு ஃபார்வர்டு வேற பண்ணியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன், அது வேணுமா?"

வேணும்தான். பின்னக் கணக்கில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவளிடம் தொகுதி இருக்கிறது. பகுதி இல்லை. அது 400 ஆக இருக்கலாம், 4,000 ஆகவும் இருக்கலாம். பதில் போட்டவர்களுக்கு என்ன வயது, எங்கே வேலை, எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்பதுவரை தெரிகிறது. போடாதவர்கள் எத்தனை பேர் என்பதுகூடத் தெரியவில்லை. டாக்டர்களிடம் கேள்வித்தாளை நீட்டியவர்கள் எழுபது வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்தப் போடாதவர்களோடுதான். தபாலா, ஆன்லைனா என்ற வாதமும் அந்த மல்லுக்கட்டில் ஒரு சுற்று.

1951 அக்டோபர் கடைசியில் பிரிட்டனில் உள்ள டாக்டர்கள் எல்லாருக்கும் தபாலில் ஒரு கேள்வித்தாள் போனது. அனுப்பியவர்கள் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று ஒரு வருடம் முன்னால் மருத்துவமனை நோயாளிகளை வைத்து எழுதியிருந்தார்கள், பலர் நம்பவில்லை. இந்த முறை நடமாடிக்கொண்டிருப்பவர்களைப் பிடித்து, யார் எவ்வளவு புகைக்கிறார் என்று குறித்து வைத்துக்கொண்டு, பிறகு யார் எப்போது எதனால் சாகிறார் என்று காத்திருந்து பார்ப்பது என்று முடிவு. டாக்டர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அவர்களுடைய நேர்மை அல்ல, முகவரி. மருத்துவப் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய பெயரும் விலாசமும் இருந்தன. எத்தனை வருடம் கழித்தும் ஆளைத் தேடிப் பிடிக்கலாம். சுமார் 59,600 பேர். பகுதி கையில் இருந்தது.

கேள்விகள் மிகக் குறைவு. இப்போது புகைக்கிறீர்களா, புகைத்து நிறுத்திவிட்டீர்களா, அல்லது வழக்கமாகப் புகைத்ததே இல்லையா. எந்த வயதில் தொடங்கினீர்கள், எவ்வளவு, சிகரெட்டா பைப்பா. அவ்வளவுதான். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் எழுதி முடித்துவிடலாம். 40,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஆண் டாக்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 34,439 பேர், வலைக்குள் வந்தார்கள்.

மீதி மூன்றில் ஒரு பங்கு? அங்கேதான் சுவாரசியம். பதில் போட்டவர்களின் சாவு விகிதம் முதல் சில வருடங்களில் ஒட்டுமொத்த டாக்டர்களின் சாவு விகிதத்தைவிடக் குறைவாக இருந்தது. கேள்வித்தாளை நிரப்பினால் ஆயுள் கூடுமா என்ன? கடும் நோயில் படுக்கையில் கிடந்தவர்கள் பேனா எடுக்கவில்லை, அதுதான் விஷயம். வருடம் போகப் போக அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்தது. பதில் போடாதவர்களும் பதிவேட்டில் இருந்ததால்தான் டாலும் ஹில்லும் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. பேசாமல் இருந்தவர்களையும் எண்ணத் தெரிந்த ஆய்வு அது.

ஒரு வேறுபாட்டை இங்கே பார்த்துக்கொள்ள வேண்டும். டாலும் ஹில்லும் 'டாக்டர்களில் எத்தனை சதவீதம் பேர் புகைக்கிறார்கள்' என்று கேட்கவில்லை. புகைத்தவர்களையும் புகைக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் முந்திச் சாகிறார்கள் என்று பார்த்தார்கள். இப்படி உள்ளுக்குள்ளேயே ஒப்பிடும்போது மூன்றில் ஒரு பங்கு விட்டுப்போனாலும் குடி முழுகாது. 'எத்தனை சதவீதம்' என்ற கேள்வி அப்படியல்ல; விட்டுப்போனவர்கள் யார் என்பது அதன் அடிமடியிலேயே கைவைக்கும். என் மருமகள் கேட்டது இரண்டாவது வகைக் கேள்வி.

இந்த இரண்டாவது வகையை எவ்வளவு மோசமாகக் கேட்க முடியும் என்பதற்கு 1946-ல் அமெரிக்காவில் வந்த கேமல் சிகரெட் விளம்பரத்தைப் பார்க்கலாம். 1,13,597 டாக்டர்களிடம் கேட்டதாகவும் அவர்களில் அதிகம் பேர் கேமல்தான் பிடிப்பதாகவும் அது சொன்னது. எண்ணைப் பாருங்கள், டால் அனுப்பியதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. பின்னாளில் வரலாற்றாய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது கதை வெளியே வந்தது: டாக்டர்கள் மாநாடுகளில் இலவசமாகக் கேமல் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு, அப்புறம் பையில் என்ன சிகரெட் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் உண்மையும் பெரிதாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

டாலின் ஆய்வு ஐம்பது வருடம் ஓடியது. 1957, 1966, 1971 என்று இடைவெளி விட்டு விட்டு 2001 வரை திரும்பத் திரும்பக் கேள்வித்தாள் போனது. ஒவ்வொரு சுற்றிலும் அப்போது உயிரோடிருந்தவர்களில் 94 முதல் 98 சதவீதம் பேர் பதில் எழுதினார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னால் செத்துப்போகிறார்கள் என்ற கணக்கு 2004-ல் வெளியானது. இன்றைக்கு டாக்டர்களிடம் கேள்வித்தாள் அனுப்புகிற எவரிடமாவது 94 சதவீதம் என்று சொன்னால் நம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். 1997-ல், மருத்துவ இதழ்களில் வெளியான 321 தபால் கணக்கெடுப்புகளைத் திரட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், டாக்டர்களின் சராசரிப் பதில் விகிதம் 54 சதவீதம். டாக்டர் அல்லாதவர்களுடையது 68. டாக்டர்கள் அப்போதே பின்தங்கித்தான் இருந்தார்கள்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். டாக்டருக்கு வரும் கடிதம் டாக்டர் கைக்கு நேரே போவதில்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் பிரிக்கிறார். மருந்துக் கம்பெனித் தாள் என்று பட்டால் குப்பைக்கூடை. தப்பிப் பிழைத்து உள்ளே போனாலும் அங்கே டோக்கன் எண் 47 நின்றுகொண்டிருக்கிறார். மருந்துக் கம்பெனிகளின் சந்தை ஆய்வுகள் வேறு காசு கொடுத்துக் கேட்கின்றன. பல்கலைக்கழகமோ நன்றி மட்டும் சொல்கிறது.

மின்னஞ்சல் வந்தபோது ஆய்வாளர்கள் குதித்தார்கள். அச்சுக்கூலி இல்லை, தபால்தலை இல்லை, உறையில் நாக்கு வைக்க வேண்டாம். டாக்டர் கையெழுத்தைப் படிக்க மெடிக்கல் ஷாப்காரரைக் கூலிக்கு அமர்த்தவும் வேண்டாம். பதில்கள் நேராகக் கணினி அட்டவணையில் போய் உட்காரும். 'ஆம் என்றால் 12-ஆவது கேள்விக்குச் செல்க' என்று எழுதினால் யாரும் 12-க்குப் போகாமல் 13-க்குப் போகும் தொல்லையும் இல்லை, திரையே அழைத்துப்போய்விடும். எல்லாம் சரி, டாக்டர்கள் பதில் போடுவார்களா?

இதற்கு நான் பார்த்தவரை மிக நேர்மையான சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே மேபல் என்ற பெயரில் டாக்டர்களின் வேலை, சம்பளம், வாழ்க்கைத் திருப்தி பற்றிய நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று 2008-ல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்தது. அதை நடத்தியவர்கள், அந்தோணி ஸ்காட்டும் கூட்டாளிகளும், எந்த வழி நல்லது என்று வாதாடிக்கொண்டிருக்காமல், ஒரு மருந்தைச் சோதிப்பதுபோல் சோதித்துவிட்டார்கள். நாட்டில் மருத்துவம் பார்க்கும் 54,160 டாக்டர்களின் பட்டியலிலிருந்து 2,702 பேரை எடுத்துக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். 902 பேருக்கு ஆன்லைன் மட்டும். 900 பேருக்குத் தாளும் ஆன்லைன் கடவுச்சொல்லும் ஒரே உறையில், விருப்பப்பட்டதைச் செய்யலாம். இன்னொரு 900 பேருக்கு முதலில் ஆன்லைன். பதில் வராவிட்டால் நினைவூட்டலோடு தாள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், 'ஆன்லைன் மட்டும்' குழுவுக்கும் அழைப்பு தபாலில்தான் போனது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். டாக்டர் உறையைக் கிழிக்கிறார். உள்ளே ஒரே ஒரு கடிதம். இணைய முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல். பேனா கையிலேயே இருக்கிறது, ஆனால் எழுத ஒன்றுமில்லை. கணினிக்குப் போக வேண்டும், முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும், கடவுச்சொல்லில் வருவது பூஜ்யமா ஓ-வா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். 'சாயங்காலம் பார்க்கலாம்' என்று கடிதத்தை ஓரமாக வைக்கிறார். அந்தச் சாயங்காலம் வந்த டாக்டர் யாரையும் நான் பார்த்ததில்லை. தாள் போன உறையில் அந்தப் படிக்கட்டுகள் இல்லை. பிரித்தால் கேள்வி, பக்கத்தில் திருப்பி அனுப்ப உறை. பாதி எழுதி வைத்தாலும் அது மேசையிலேயே கிடக்கும், டீ டம்ளரின் வட்டக் கறையோடு, பார்க்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு. மின்னஞ்சல் அப்படிக் கிடக்காது. புதிதாக இருபது வந்ததும் அது கீழே போய்விடும்.

முடிவு வந்தது. ஆன்லைன் மட்டும்: 12.95 சதவீதம். தாளும் கடவுச்சொல்லும் சேர்ந்து: 19.7. முதலில் ஆன்லைன், அப்புறம் தாள்: 20.7. கடைசி இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஆன்லைனுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ளது அப்படியல்ல. ஆன்லைனில் வந்தவர்கள் விட்டுவைத்த கேள்விகளும் அதிகம். செலவு மட்டும் அங்கேதான் மிகக் குறைவு. தபால் ஜெயித்தது என்று இத்தோடு மங்களம் பாடிவிடலாம்.

ஆனால் அந்த ஆய்வறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. பதில் போட்டவர்களை நாட்டின் மொத்த டாக்டர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆன்லைன் குழுவில் வந்தவர்கள்தான் மொத்தத்தை ஒத்திருந்தார்கள். தாள் கலந்த இரண்டு குழுக்களிலும் சாய்வு தெரிந்தது. குறைவாகப் பதில் வந்த இடத்தில் படம் நேராக இருந்தது. அதிகம் வந்த இடத்தில் சற்றே கோணல்.

இது எப்படி நடக்கும் என்று மருமகளுக்கு ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டினேன். ஒரு ஊரில் 100 டாக்டர்கள். 50 பேர் வருடாவருடம் சர்க்கரை பார்த்துக்கொள்கிறவர்கள், 50 பேர் பார்த்துக்கொள்ளாதவர்கள். முதல் ரகத்துக்கு உன் கேள்வித்தாளைப் பார்த்ததும் குஷி, பத்துக்கு மூன்று பேர் எழுதுகிறார்கள். இரண்டாவது ரகத்துக்குக் குற்ற உணர்ச்சி, பத்துக்கு ஒருவர். மொத்தம் 20 பதில்கள்: 15-ம் 5-ம். 'டாக்டர்களில் 75 சதவீதம் பேர் உடம்பைக் கவனிக்கிறார்கள்' என்று தலைப்புப் போடுவாய். உண்மை 50. இப்போது வேறொரு வழியில் கேட்டால் இரண்டு ரகத்திலும் அதே சோம்பல், 100-க்கு 12 பேர்தான் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள். 12 பதில்கள், 6-ம் 6-ம். எண்ணிக்கை குறைவு, விடை சரி. பதில் விகிதம் ஏறுவதாலேயே விடை உண்மைக்கு நெருங்கிவிடாது. யார் எழுதுகிறார், யார் எழுதவில்லை என்பது எதைப் பொறுத்து அமைகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

"அப்ப என்னோட முக்கால்வாசி...?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே துண்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஆன்லைன்காரர்களும் இதை வைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. ஒத்திருந்தார்கள் என்றால் எதில்? வயது, ஆணா பெண்ணா, எந்தப் பிரிவு டாக்டர், எந்த ஊர் என்று பட்டியலில் ஏற்கெனவே இருக்கிற விவரங்களில்தான் ஒப்பிட முடியும். வேலையில் வெறுத்துப்போனவரா, தூக்கம் வராதவரா என்று எந்தப் பட்டியலிலும் போட்டிருக்காது. அதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் ஒரு பழைய தந்திரம், நினைவூட்டலுக்குப் பிறகு கடைசியில் வந்து சேர்ந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்ப்பது. இழுத்தடித்து வந்தவர்கள், வரவே வராதவர்களுக்குக் கொஞ்சம் பங்காளிகளாக இருப்பார்கள் என்ற நம்பிக்கை. நம்பிக்கைதான், நிரூபணமல்ல. ஆனாலும் சீக்கிரம் வந்தவர்களும் கடைசியில் வந்தவர்களும் வேறு வேறு மாதிரிப் பதில் சொல்லியிருந்தால் மணியடிக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று: அந்தச் சோதனை எல்லாருடைய சட்டைப்பையிலும் ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்திய காலத்தது, முடிவு வெளியானது 2011-ல். இன்று கடவுச்சொல்லைத் தட்டத் தேவையில்லை, கியூஆர் கட்டத்தில் கேமராவைக் காட்டினால் போதும். அதே சோதனையை இன்று செய்தால் எண்கள் மாறும். அவர்கள் கடைசியில் பரிந்துரைத்த வழி, முதலில் மலிவான ஆன்லைன், வராதவர்களுக்கு மட்டும் தாள், அது மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் ஆகும் செலவைப் பார்த்தால் அதுவே கட்டுப்படியாகிறது. ஒரே உறையில் இரண்டையும் வைப்பது தண்டச் செலவு.

பதிலை வரவழைக்கும் வித்தைகளுக்கென்றே ஒரு தனி இலக்கியம் இருக்கிறது. லண்டன் பொதுச் சுகாதாரக் கல்லூரியின் ஃபில் எட்வர்ட்ஸ் குழுவினர் 2009-ல் 481 தபால் சோதனைகளையும் 32 மின்னணுச் சோதனைகளையும் ஒன்றாகத் திரட்டினார்கள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். விலாசத்தைக் கையால் எழுதினால் பதில் கூடுகிறது. திருப்பி அனுப்பும் உறையில் இயந்திர முத்திரைக்குப் பதில் நிஜத் தபால்தலை ஒட்டினால் கூடுகிறது. யாரோ மெனக்கெட்டிருக்கிறார் என்று படுகிறதோ, தபால்தலையைக் குப்பையில் போட மனம் வராதோ. கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவுத் தபால் போன்ற சேவையில் அனுப்பினால் நன்றாகவே கூடுகிறது. மின்னஞ்சலில் ஒரு படம் வைத்தால் நல்லது, பின்னணி வெள்ளையாக இருந்தால் நல்லது. பொருள் வரியில் 'கணக்கெடுப்பு' என்ற சொல் இருந்தால் பதில் குறைகிறது. கேள்வித்தாள் சிறிதாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஆதாயம். டாலும் ஹில்லும் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டது நினைவுக்கு வருகிறது.

பணம் வைத்தால் என்ன ஆகும்? தபாலில் பதில் வரும் வாய்ப்பு 1.87 மடங்காகிறது என்கிறது அந்தத் திரட்டு. செய்தித்தாள்கள் இப்படிப்பட்ட எண்ணைப் பிடித்துப் 'பதில்கள் இரு மடங்கு' என்று எழுதிவிடும். தவறு. இங்கே 'வாய்ப்பு' என்பது எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள விகிதம். 100-க்கு 20 பேர் எழுதும் இடத்தில் அது 20-க்கு 80, கால். கால் 1.87 மடங்கானால் கிட்டத்தட்ட 32 பேர். ஏற்கெனவே 60 பேர் எழுதும் இடத்தில் 74. இரு மடங்கு எங்கேயும் இல்லை, ஆனாலும் கணிசம்.

அதிலும் எப்போது கொடுக்கிறோம் என்பது முக்கியம். 1987-ல் வெளியான ஒரு அமெரிக்கச் சோதனையில் சில டாக்டர்களுக்குக் கேள்வித்தாளோடு 20 டாலர் காசோலையை வைத்தே அனுப்பினார்கள்; மற்றவர்களுக்கு, நிரப்பி அனுப்பினால் அதே 20 டாலர் வரும் என்று எழுதினார்கள். முன்னதாக வாங்கியவர்களில் 78 சதவீதம் பேர் பதில் போட்டார்கள், பின்னால் வரும் என்று கேட்டவர்களில் 66. மொய் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்: வாங்கியாகிவிட்டது, இனி செய்யாமல் இருக்க முடியாது. ஒரு உறைக்குள் காசோலையை வைக்கலாம். மின்னஞ்சலில் பரிசுக் கூப்பனுக்கு ஒரு எண்ணை அனுப்பலாம்தான், ஆனால் பரிசு விழுந்திருக்கிறது என்று மின்னஞ்சல் வந்தால் இப்போது யாரும் திறப்பதில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது மருமகளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வாட்ஸ்அப் லிங்க்கில் தபாலுக்கும் இல்லாத, முறையான ஆன்லைன் கணக்கெடுப்புக்கும் இல்லாத ஒரு கோளாறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 12.95 சதவீதம் பரிதாபமான எண்தான், ஆனால் அது ஒரு எண். 902 என்ற பகுதி இருந்ததால் கிடைத்தது. திறந்துவிட்ட லிங்க்குக்கு அந்தப் பரிதாபம்கூடக் கிடைக்காது. அதை நிரப்பியவர் டாக்டர்தானா, ஒரே ஆள் இரண்டு முறை நிரப்பினாரா என்பதும் தெரியாது. இணையக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று தனித்தனியே சொல்ல வேண்டும் என்று 2004-லேயே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியாகிவிட்டது. அவளுடைய கூகுள் ஃபார்ம் முடித்தவர்களை மட்டும்தான் சொல்கிறது.

212 பதில்களைத் தூக்கிப்போட வேண்டாம் என்றேன். அதை முன்னோட்டமாக வைத்துக்கொள்ளலாம்; குழம்பிய கேள்விகள் எவை என்று தெரிந்துவிட்டது, 28-ஐ 9 ஆக்கலாம். பட்டியல் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஒருவர் விடாமல் எல்லாருடைய பெயரும் இருந்தால் சரி.

பத்து நாள் கழித்து மறுபடி ராத்திரியில் போன். இந்த முறை குரலில் திருவிழா இல்லை, வேலை இருந்தது.

"மாமா, எங்க மாவட்டத்துல ஒரு டாக்டர் சங்கத்தோட மெம்பர் லிஸ்ட் கிடைச்சிருக்கு. 340 பேரு. மொதல்ல ஆளுக்குத் தனித்தனி லிங்க், மூணு வாரம் கழிச்சு வராதவங்களுக்குத் தாளு. ரிப்ளை கவர்ல நிஜ ஸ்டாம்பு ஒட்டிரலாம்னு இருக்கேன்."

"ஒட்டு."

"அதான் கேக்கணும்னு... ஸ்டாம்பு எங்க மாமா விக்கிது? ஆன்லைன்ல கெடைக்குமா?"